வீட்டிலேயே ஹாட்-ராட் கோ-கார்ட்: எதை முதலில் வாங்குவது, எதைத் தொடவே கூடாது

கேள்வி: பழைய அமெரிக்க ஹாட்-ராட் கார் மாதிரி முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் பெரிய சக்கரத்தோடு ஒரு கோ-கார்ட் (ஒருவர் ஓட்டும் சிறு திறந்த வண்டி) வீட்டிலேயே செய்ய நானும் தம்பியும் திட்டமிட்டிருக்கிறோம். கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. ஆக்டிவா இன்ஜின் ஒன்று 9,000 ரூபாய்க்கு வருகிறது. உடனே வாங்கிவிடலாமா? (வாசகர், கோவை)

பதில்: கொஞ்சம் பொறுங்கள். இன்ஜினை முதலில் வாங்கியவர்கள்தான் பாதியில் நிறுத்துகிறார்கள். ஹாட்-ராட் தோற்றம் பின்சக்கரத்தில்தான் இருக்கிறது. அந்தச் சக்கரத்தின் உயரம் பற்சக்கர விகிதத்தை முடிவு செய்யும். விகிதம் இன்ஜினை முடிவு செய்யும். ஆகவே சக்கரம் முதலில், இன்ஜின் பிறகு.

கணக்கைப் பாருங்கள். பந்தயக் கார்ட்டுக்குப் போடும் 10x4.50-5 டயரின் விட்டம் சுமார் 254 மி.மீ. அது முன்னால் இருக்கட்டும். பின்னால் சரக்கு ஆட்டோவின் 4.50-10 டயர் போட்டால் விட்டம் ஏறக்குறைய 480 மி.மீ. வரும். இந்த வித்தியாசமே 1932 ஃபோர்டை வெட்டிச் செய்த ஹாட்-ராட்களின் அந்தச் சாய்வைக் கொடுத்துவிடும். பழைய ஆட்டோ டயர், ரிம், டிரம் மூன்றும் உதிரிபாகக் கடைகளில் சல்லிசாகவே கிடைக்கும்.

இப்போது இன்ஜின். ஆக்டிவாவின் பின்சக்கரம் 90/100-10. சுற்றளவு சுமார் 1.36 மீட்டர். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அந்த அச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 980 சுற்று சுற்றும். அதை அப்படியே உங்கள் 480 மி.மீ. சக்கரத்தோடு ஒன்றுக்கு ஒன்றாக இணைத்தால் கணக்குப்படி 89 கி.மீ. வேகம். ஆனால் கிளம்பும்போது இழுக்காது, கிளட்ச் தேயும். வேகம் பிடித்துவிட்டால் நிறுத்துவது இன்னும் பெரிய பாடு. இன்ஜின் பக்கம் 15 பல், அச்சில் 36 பல் போடுங்கள். விகிதம் 2.4, உச்ச வேகம் 37 கி.மீ. தரையை ஒட்டி உட்கார்ந்து ஓட்டும்போது அதுவே பறக்கிற மாதிரி இருக்கும்.

40,000-ஐ எப்படிப் பிரிப்பது? இன்ஜினும் அதைச் சரிசெய்யும் செலவும் சேர்த்து 12,000-ஐத் தாண்ட விடாதீர்கள். பைப், தகடு, வெல்டிங் ராடு ஆகியவற்றுக்கு 5,000 ஒதுக்கினால் தாராளம். பட்ஜெட்டை விழுங்குவது லேத் வேலை: ஹப், அச்சில் சாவிக்குழி (அச்சும் ஹப்பும் சேர்ந்து சுழல, சாவி என்ற இரும்புத் துண்டு உட்காரும் காடி), ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பற்சக்கரம்) மாட்டும் ஃபிளாஞ்ச் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக்கூலி. எல்லா அளவையும் ஒரே தாளில் வரைந்து, ஒரே தடவையாகப் பட்டறையில் கொடுத்துப் பேசினால் கூலி குறையும். பிரேக்கில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கேள்வி: பழைய ஸ்கூட்டர் இன்ஜின் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்? கடைக்காரர் "கேரண்டி இல்லை, ஓடுது, எடுத்துட்டுப் போங்க" என்கிறார். (வாசகர், புதுப்பேட்டை அருகிலிருந்து)

பதில்: முதல் கேள்வி கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா என்பது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புகை அளவுக்கான அரசு விதி) ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன். இன்ஜினை மட்டும் தூக்கி வந்தால் அது வெறும் இரும்பு. ஈசியு (இன்ஜினை இயக்கும் சிறு கணினி), பெட்ரோல் பம்ப், சென்சார்கள், முழு வயரிங் எல்லாம் வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஸ்டார்ட் ஆகாது. பிஎஸ்-4 அல்லது அதற்கு முந்தைய கார்புரேட்டர் இன்ஜினாகக் கேட்டு வாங்குங்கள். அதோடு சிடிஐ (பிளக்கில் பொறி வரவைக்கும் மின்பெட்டி), இக்னிஷன் காயில், ரெகுலேட்டர், கார்புரேட்டர், ஏர் ஃபில்டர் பெட்டி, சைலன்சர், வயரிங், பின்சக்கரம் எல்லாம் சேர்த்து விலை பேசுங்கள். பின்சக்கரம் எதற்கு என்று கேட்கலாம். இன்ஜினிலிருந்து வெளியே வரும் பல்வெட்டு அச்சுக்குப் பொருந்தும் ஹப் அதில்தான் இருக்கிறது. லேத்தில் அந்த நடுப்பகுதியைக் கடைந்து எடுத்துத்தான் ஸ்ப்ராக்கெட்டை மாட்ட முடியும். புதிதாக உள்பல் வெட்டச் சொன்னால் கூலி எங்கேயோ போய்விடும்.

கடையிலேயே செய்ய வேண்டியவை: இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் காத்திருந்து பாருங்கள். சைலன்சரில் நீலப்புகை வந்தால் ரிங் அல்லது வால்வு சீல் போயிருக்கிறது. ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். பால் கலந்த மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். பிளக்கைக் கழற்றி, துளையை விரலால் அடைத்து கிக்கரை மிதியுங்கள். விரலை எகிறித் தள்ள வேண்டும். இடதுபக்க மூடியைத் திறந்து பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பத்திரம் அதைவிட முக்கியம். திருட்டு வண்டியின் இன்ஜின் என்று தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவில் வாங்கியவரும் மாட்டுவார். இன்ஜின் எண் எழுதிய பில், பழைய ஆர்சி நகல், விற்றவரின் அடையாள நகல் மூன்றையும் வாங்குங்கள். வண்டி எண்ணை எம்-பரிவாகன் செயலியில் போட்டு, ஆர்சி நகலோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். இன்ஜினில் எண்ணைத் தேய்த்திருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கையை உதறிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் "7 எச்.பி." என்று போட்டு, தண்ணீர் பம்புக்கான 168எஃப் இன்ஜின் புதிதாகவே கிடைக்கிறதே? அதைப் போட்டால் ஆர்சி, திருட்டு என்ற கவலையே இல்லையே? (வாசகர், ஈரோடு)

பதில்: அந்தக் கவலை இல்லைதான். ஆனால் வேறு நான்கு இடத்தில் வழுக்கும்.

குதிரைத்திறன் எண்ணை நம்ப வேண்டாம். இந்த இன்ஜின்கள் ஹோண்டா ஜிஎக்ஸ்160-ஐப் பார்த்துச் செய்தவை. 163 சிசி கொண்ட அந்த ஹோண்டாவுக்கே நிறுவனம் தரும் கணக்கு 3,600 சுற்றில் 4.8 எச்.பி.தான். அதே அளவு நகல் 7 கொடுக்கும் என்றால் எப்படி?

ஷாஃப்ட்டைப் பாருங்கள். பம்புக்கென்று வரும் சிலவற்றில் முனை மரையாக இருக்கும்; கிளட்ச் மாட்ட முடியாது. சாவிக்குழி உள்ள நேரான ஷாஃப்ட் வேண்டும். விட்டம் 20 மி.மீ.யா, 19.05 மி.மீ.யா என்று கேட்டுவிட்டுக் கிளட்ச் வாங்குங்கள். ஒரு மில்லிமீட்டர்தானே என்று அடித்து ஏற்றினால் பிறகு கழற்றவே முடியாது. பவர் டில்லர் போன்றவற்றுக்கு வரும் பாதிச் சுற்று மாடலும் உண்டு. அதில் ஷாஃப்ட் 1,800 சுற்றுக்கு மேல் போகாது. சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச் (இன்ஜின் வேகம் ஏறினால் தானாகப் பிடிக்கும் வகை) பல 1,800-க்கு மேல்தான் பிடிக்கத் தொடங்கும். வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெயிலும் ஓடும் என்று எழுதியிருந்தால் கம்ப்ரெஷன் குறைத்த இன்ஜின், வேண்டாம்.

அடுத்தது விகிதம். 3,600 சுற்றிலிருந்து 480 மி.மீ. சக்கரத்தை 40 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவர விகிதம் எட்டு வேண்டும். ஒரே செயினில் அது முடியாது. 10 பல்லுக்கு 80 பல் என்றால் 428 செயினில் அந்த ஸ்ப்ராக்கெட்டின் விட்டம் மட்டும் 323 மி.மீ. பாறைத் துண்டு ஒன்று போதும், பல் சாய்ந்துவிடும். நடுவில் ஒரு ஜாக் ஷாஃப்ட் (இடை அச்சு) போட்டு 10-க்கு 30, பிறகு 15-க்கு 40 என்று இரண்டு கட்டமாகக் குறைக்க வேண்டும். அப்போது கூடுதலாக இரண்டு பேரிங், ஒரு செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட், லேத் கூலி. ஸ்கூட்டர் இன்ஜினோ இந்தக் குறைப்பைத் தன் கேஸுக்குள்ளேயே செய்து தருகிறது. பெரிய பின்சக்கரத்துக்கு நாங்கள் ஸ்கூட்டர் பக்கம் சாய்வது அதனால்தான்.

கடைசியாக இரண்டு எச்சரிக்கை. புது இன்ஜின் ஆயில் இல்லாமல்தான் பெட்டியில் வரும். 600 மி.லி. அளவு ஊற்றாமல் இழுத்து ஸ்டார்ட் செய்தால் அன்றைக்கே உள்ளே இறுகிச் சீஸ் ஆகும், வாரண்டியும் கிடையாது. வேகம் கூட்ட, சுற்றைக் கட்டுக்குள் வைக்கும் கவர்னரைக் கழற்றச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. வார்ப்பு ஃப்ளைவீலும் கனெக்டிங் ராடும் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல; உடைந்தால் துண்டு உங்கள் முதுகை நோக்கித்தான் வரும்.

ஷாஃப்ட் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்: ஓட்டுபவரின் இடதுபக்கம். மாற்றி வைத்தால் வண்டி பின்னோக்கி ஓடும்.

கேள்வி: பழைய கட்டடத்தில் கழற்றிய ஜிஐ பைப் எங்களிடம் நிறைய இருக்கிறது. சேஸிக்கு அதையே பயன்படுத்தினால் என்ன? (வாசகர், திருப்பூர்)

பதில்: வேண்டாம். வெல்டிங் சூட்டில் ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சு ஆவியாகும். அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். பூச்சு இருக்கும் இடத்தில் வெல்டும் ஓட்டை ஓட்டையாகத்தான் விழும்.

ஒன்றேகால் அங்குல எம்எஸ் ஈஆர்டபிள்யூ (பூச்சில்லாத சாதா இரும்பு, நீளவாக்கில் ஒட்டியது) உருண்டைப் பைப், 2 மி.மீ. தடிமன், 20 அடி நீளத்தில் இரண்டு போதும். மொத்த எடை 18 கிலோ வரும். கடையில் "2 மி.மீ." என்று சொல்லி 1.6 கொடுப்பது சகஜம். வெர்னியர் வைத்து வெட்டுவாயில் அளந்து பாருங்கள். அல்லது எடை போடச் சொல்லுங்கள். ஒரு நீளம் 9 கிலோவுக்குக் கிட்டே இருக்க வேண்டும், 7 கிலோ சொச்சம் என்றால் மெல்லியது.

அச்சுக்கு அச்சு நீளம் 1,350 மி.மீ. வைத்தால் ஹாட்-ராட்டின் நீண்ட மூக்கு வரும். சக்கர அகலம் அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையக் கூடாது, அதாவது 900 மி.மீ. பின்னச்சு தரையிலிருந்து 240 மி.மீ. உயரத்தில் இருக்கும். சீட்டும் தரைத்தகடும் 100 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். எனவே பிரேம் பின்னால் படி மாதிரி மேலேறும். அந்த மூலையில்தான் விரிசல் விழும். குறுக்கே முக்கோணத் துண்டு வைத்துக் கட்டுங்கள்.

வெல்டிங்குக்கு 2.5 மி.மீ. 6013 ராடு, 60 முதல் 80 ஆம்பியர். முதலில் எல்லா மூட்டையும் சிறு பொட்டு வெல்ட் வைத்துப் பிடித்து, பிரேமின் மூலைவிட்டம் இரண்டையும் நாடாவால் அளந்து, வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருந்தால்தான் முழு வெல்ட். ஒரு மூட்டை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் பிரேம் முறுக்கிக்கொள்ளும், ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். வெல்டிங் பழக்கம் இல்லையென்றால் வெட்டுவதும் பொட்டு வைப்பதும் உங்கள் வேலையாக இருக்கட்டும். முழு வெல்டுக்குக் கிரில் பட்டறைக்குத் தூக்கிப் போங்கள்.

கேள்வி: ஸ்கூட்டர் இன்ஜினில் டிரம் பிரேக் ஏற்கெனவே இருக்கிறது. தனியாக டிஸ்க் எதற்கு? (வாசகர், சேலம்)

பதில்: செயின் அறுந்தால் அந்த டிரம் எதைப் பிடிக்கும்? இன்ஜினை மட்டும்தான். சக்கரம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பிரேக் பின்னச்சின் மேல்தான் இருக்க வேண்டும். இதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை.

பின்னச்சுக்கு 30 மி.மீ. இஎன்8 (எஃகு ரகம்) கம்பி, இரண்டு யுசிஎஃப்206 ஃபிளாஞ்ச் பேரிங், 6 மி.மீ. தகட்டில் நான்கு போல்ட். பலர் பி206 பெடஸ்டலை (கால் வைத்த பேரிங் கூட்டை) வாங்கிப் பிரேமின் மேல் உட்கார வைக்கிறார்கள். அப்போது வண்டியின் எடை முழுக்க அந்த வார்ப்புக் கூட்டையும் போல்ட்டையும் மேலே இழுத்தபடி தொங்கும். குழியில் விழுந்தால் அந்தக் கூட்டின் கால் உடையும். செங்குத்துத் தகட்டில் ஃபிளாஞ்ச் பேரிங் என்றால் அந்தத் தொல்லை இல்லை, உயரத்தையும் இஷ்டத்துக்கு வைக்கலாம். பலமாக இருக்கட்டும் என்று மூன்றாவது பேரிங் சேர்க்காதீர்கள். மூன்றும் ஒரே கோட்டில் நிற்காது, அச்சு இறுகும். பேரிங்கின் சிறு திருகை மட்டும் நம்பினால் அச்சு பக்கவாட்டில் நகரும். இருபுறமும் காலர் போடுங்கள். சாவி 8x7 மி.மீ.

டிஸ்க்கும் கேலிப்பரும் பைக்கின் முன்சக்கரத்திலிருந்து எடுக்கலாம். மாஸ்டர் சிலிண்டர் மட்டும் பின்பிரேக்குடையதாக வாங்குங்கள். ஹேண்டில்பாரில் இருப்பதைப் பெடலுக்குத் திருப்பி வைத்தால் ஆயில் கிண்ணம் சாய்ந்து காற்று புகும். கேலிப்பரில் காற்றை வெளியேற்றும் பிளீடிங் நிப்பிள் மேல்நோக்கி இருக்கட்டும். கீழே பார்த்தபடி மாட்டிவிட்டு, எத்தனை முறை பிளீட் செய்தாலும் பெடல் பஞ்சாக அமுங்குகிறது என்று புலம்புவோர் ஏராளம். பெடலின் ஊன்றிலிருந்து மிதிக்கும் இடம் வரை 4 பங்கு என்றால், மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் இடம் வரை 1 பங்கு.

ஆட்டோ ரிம் பற்றி ஒன்று: அது இரண்டு பாதிகளைப் போல்ட்டால் சேர்த்தது. டயரில் காற்று இருக்கும்போது அந்த நட்டைத் தளர்த்தினால் ரிம் வெடித்துப் பிரியும். வால்வைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்கிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

கேள்வி: ஸ்டியரிங்குக்குப் பழைய மாருதி ரேக் வாங்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: தேவையில்லை, கனம், அதிலும் பல சுற்று சுற்ற வேண்டும். ஸ்டியரிங் தண்டின் அடியில் ஒரு கை, சக்கரத்தைத் திருப்பும் இரண்டு டை ராட், அவற்றின் முனைகளுக்கு நான்கு ரோஸ் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) போதும். டை ராடின் ஒரு முனை இடமரை, மறுமுனை வலமரையாக இருந்தால் கழற்றாமலே நீளத்தைச் சரிசெய்யலாம். கிங்பின் போல்ட்டிலிருந்து (முன்சக்கரம் திரும்பும் அச்சு) பின்னச்சின் நடுப்புள்ளிக்கு ஒரு நூலைக் கட்டுங்கள். ஸ்டியரிங் கையின் துளை அந்த நூலின் மேல் விழ வேண்டும். விழாவிட்டால் வளைவில் முன்டயர் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்துக் கீச்சிடும். கிங்பின்னை மேல்முனை பின்னோக்கி 12 டிகிரி சாய்த்து வைத்தால் ஸ்டியரிங் தானாக நேர்ப்படும். போல்ட் எல்லாம் 8.8 கிரேடு, நைலாக் நட் (நைலான் வளையம் உள்ளது, தானாகத் தளராது). கழற்றிய நைலாக்கைத் திரும்பப் போடாதீர்கள்.

கேள்வி: தோற்றத்துக்கு என்ன செய்யலாம்? இன்ஜினை முன்னால் வெளியே தெரிகிற மாதிரி வைக்கத்தான் எனக்கு ஆசை. (வாசகர், திருச்சி)

பதில்: ஆசை நியாயமானது, ஆனால் செயின் நீளம் ஒரு மீட்டரைத் தாண்டும். அது சாட்டையாக ஆடிக் கழன்றுவிடும். சூடான சைலன்சரும் உங்கள் காலுக்குப் பக்கத்தில் வரும். நிஜ இன்ஜின் பின்னாலேயே இருக்கட்டும். முன்னால் பொய் வி8 வையுங்கள். பக்கத்துக்கு நான்காக ஒரு அங்குலப் பைப் எல்போ எட்டு, நடுவே ஒரு பெட்டி, அதன்மேல் ஏர் கிளீனருக்குப் பதில் எவர்சில்வர் தூக்குச்சட்டியின் மூடி. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஹெட்லைட்டுக்குப் பழைய புல்லட் விளக்குக் கூடு. மூக்குக்கு 20 கேஜ் தகடு. ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பளபளப்பில்லாத கறுப்பு. பளபளப்புப் பெயின்ட்டில் தகட்டின் ஒவ்வொரு நெளிவும் தெரியும், மேட் கறுப்பு அதையெல்லாம் மறைத்துவிடும், செலவும் குறைவு.

கேள்வி: வாங்கிய ஸ்ப்ராக்கெட்டின் துளை மையத்தில் இல்லை, செயின் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்கிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் கடைக்காரர் காட்டுகிறார். (வாசகர், கோவை)

பதில்: குறையுள்ள பொருளுக்கு அந்த வாசகம் செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-இன்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அப்படியே. அச்சில் மாட்டிச் சுழற்றும்போது பக்கத்தில் ஒரு கம்பியை நிறுத்தி, பல் விலகி நெருங்குவதை வீடியோ எடுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். ஒன்று மட்டும்: நீங்களே துளையைப் பெரிதாக்கியோ வெல்ட் வைத்தோ இருந்தால் கேட்க முடியாது. வாங்கிய அன்றே அளந்துவிடுவது நல்லது.

கேள்வி: முடித்ததும் எங்கள் தெருவில் ஓட்டிப் பார்க்கலாமா? என் மகனுக்கு 14 வயது; அவனும் ஓட்ட ஆசைப்படுகிறான். (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: தெருவில் கூடாது. மூடிய வளாகத்துக்குள் மட்டும் ஓட்டவே அமைத்த தனி வகை வண்டிகளை மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 2(28) விலக்கி வைக்கிறது. பொதுச் சாலையில் இறங்கினால் அந்த விலக்கு போய்விடும். பதிவு, காப்பீடு, உரிமம் எதுவும் இல்லாத வண்டி ஆகிவிடும். சிறுவன் ஓட்டிக் குற்றம் நடந்தால் பிரிவு 199ஏ பெற்றோர் மேல் பாயும்: 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும். அடுக்குமாடி வளாகச் சாலையும் பலர் வந்துபோகும் இடமாக இருந்தால் சிக்கல்தான். சுவர் வைத்த சொந்த இடம், உரிமையாளர் எழுத்தில் அனுமதி தந்த களம், கார்ட் பாதை இவற்றில் ஓட்டுங்கள்.

பையன் ஓட்டுவதற்கு முன் ஆக்சிலரேட்டர் பெடலின் அடியில் ஒரு போல்ட் வைத்து, பாதிக்கு மேல் இறங்காமல் தடுங்கள். கேபிள் சிக்கினாலும் திரும்பி வர இரண்டு ஸ்பிரிங் வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள முழுமுக ஹெல்மெட், மூடிய ஷூ. செயினுக்கும் பின்னச்சுக்கும் தகட்டு மூடி போடாமல் ஒரு அடிகூட நகர்த்தாதீர்கள். அவிழ்ந்த பின்னலோ துப்பட்டாவோ சுழலும் அச்சில் சிக்கினால் கண்மூடித் திறப்பதற்குள் தலையை இழுத்துவிடும். இன்ஜினை நிறுத்தக்கூட நேரம் இருக்காது. முடியை ஹெல்மெட்டுக்குள் கட்டி, துப்பட்டாவைக் கழற்றி வைத்தபிறகுதான் யாரும் சீட்டில் ஏற வேண்டும். ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைவுப் பைப்) வைத்தால் சீட் பெல்ட்டும் வைக்க வேண்டும். பார் மட்டும் இருந்து பெல்ட் இல்லையென்றால், வண்டி கவிழும்போது ஆள் பாரின் அடியில் மாட்டுவார். முதல் ஓட்டத்துக்குப் பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள்; புதுச் செயின் அதற்குள் தளர்ந்திருக்கும், நடுவில் 15 மி.மீ. ஆட்டம் வைத்துச் சரிசெய்யுங்கள்.